கட்டில் நகர்த்தும் மாமா

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. இது எனக்குக் கிடைத்ததுகூட ஒரு சட்டைக்குள் நின்றபோதுதான். ஒரு கை தைத்து மறு கை தைக்காத சட்டை, உடம்பு முழுக்கக் குண்டூசி, மூச்சுவிடக்கூடப் பயம். எங்கள் தெருமுனைத் தையல்காரம்மா வாயில் நாலு ஊசியைக் கவ்விக்கொண்டே பேசக்கூடியவர். நான் கதை எழுதுகிறவள் என்று அவருக்கு யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"இப்போ என்ன எழுதுறீங்க?"

"சண்டை நடக்கிற ஊர்ல ஒரு சின்னப் பொண்ணு. அவளோட பிள்ளைத்தனம் எந்த நிமிஷத்துல போச்சுன்னு ஒரு கதை."

ஊசிகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். "அதுக்கு நிமிஷமெல்லாம் இருக்கா என்ன? நானும் அந்த மாதிரி ஊர்ல வளர்ந்தவதான். கையைத் தூக்குங்க."

தூக்கினேன்.

2

அதற்கு முன் நான் எழுதி வைத்திருந்த தொடக்கங்களையும் பார்த்துவிடுங்கள்.

"அன்று காலை வானம் சிவந்தபோது அவளுடைய பொம்மையின் ஒரு கை

(சீ! போர்க்கதை என்றால் பொம்மையின் கை பிய்ந்தே ஆக வேண்டுமா? எழுத்தாளர்கள் நாங்கள் இதுவரை எத்தனை பொம்மைகளைத்தான் கொன்றிருப்போம்!)

"முதல் பிணத்தைப் பார்த்த அந்தக் கணத்தில் அவளுடைய குழந்தைப் பருவம்

(கணத்தில் என்ன? உடைந்ததா? அது என்ன கண்ணாடிக் குவளையா, கை தவறி விழுந்து உடைய? அடித்தாயிற்று.)

ஆகவே தையல்காரம்மா சொன்னதையே எழுதுகிறேன்.

3

அவளுக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா சண்டைக்குப் போய்விட்டார். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். கீழ்வீட்டில் இவர்கள், மேல்வீட்டில் ரேடியோ பழுது பார்க்கும் மாமா. (சொந்தமெல்லாம் இல்லை. மாடியில் இருந்ததால் மாமா.) முழங்கால் மடங்காத மனிதர், கைத்தடிதான் துணை. 'குண்டுக்குப் பயந்து படியில உருண்டு சாகணுமா? நான் மேலேயே இருந்துக்கிறேன்' என்பாராம்.

முதல் குண்டு விழுந்த அன்று மூவரும் சமையலறை மேசைக்கடியில் பதுங்கியிருந்தார்கள். தம்பி கேட்டான்: "அம்மா, அது என்ன சத்தம்?"

"மேல்வீட்டு மாமா கட்டிலை நகர்த்துறாருப்பா."

தம்பிக்கு வந்ததே கோபம்! கூரையைப் பார்த்துக் கத்தினான்: "மாமா, போதும்!"

மேலே மாமாவுக்குக் கேட்டுவிட்டது. என்ன புரிந்ததோ, கைத்தடியால் தரையில் மூன்று தட்டு தட்டினார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான். குண்டு, கத்தல், மூன்று தட்டு, சிரிப்பு.

ஒரு மதியம் தம்பி தூங்கிக்கொண்டிருந்தபோது மேல்வீட்டின் பாதிக் கூரை போய்விட்டது. மாமாவைப் போர்வையில் வைத்துத் தூக்கிவந்தார்கள். கதவிடுக்கில் அவள் பார்த்தாள். அம்மா உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

(இங்கே நான் குறுக்கிட்டேன். "அப்போ இதுதானே அந்த நிமிஷம்?" அவர் பட்டென்று சொன்னார்: "இல்லம்மா. அன்னிக்கு நான் அழுதேன். பிள்ளைங்க அழத்தானே செய்யும்?")

மறுநாளும் குண்டு. தம்பி கத்தினான். மேலேயிருந்து சத்தமில்லை. மறுபடி கத்தினான். உதடு பிதுங்கியது. "மாமாவுக்கு என்மேல கோபமா?"

இதற்கு மேல் அவர் வார்த்தையிலேயே இருக்கட்டும். என் நடை இதற்குத் தாங்காது.

"வயிறு சரியில்லைன்னு சொல்லிட்டு மேல ஓடினேன். உடைஞ்ச காரைக்கு அடியில தடி கிடந்தது. பக்கத்துல அவரோட செருப்பு, ஜோடியா. அதைப் பார்க்கல, பார்க்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டே மூணு தட்டு தட்டினேன். கீழ தம்பி சிரிக்கிறது கேட்டுச்சு. இறங்கி வந்தா அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. மகளைப் பார்க்கிற பார்வை இல்லைங்க அது. கூட வேலை செய்யுற ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. நிமிஷம் நிமிஷம்னு கேட்டீங்களே, வேணும்னா அதை வெச்சுக்கோங்க."

சண்டை ஓய்ந்து ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அவள்தான் தட்டினாள். கிளம்புகிற அன்று மாமா எங்கே என்று தம்பி கேட்டபோது, மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்களாம்.

"தம்பி இப்போ?"

"பஸ் ஓட்டுறான். சண்டைக் காலம்னா அவனுக்கு மாமாவும் அந்தத் தட்டுச் சத்தமும்தான். அவ்வளவு சந்தோஷமா சொல்லுவான். அம்மாவும் போயிட்டாங்க, இப்போ எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் கதைப் புத்தகமா படிச்சுத் தள்ளுறவன். நீங்க தாராளமா எழுதுங்க. ஆனா மாமா சாகக்கூடாது."

4

கேட்டீர்களா அநியாயத்தை! கதையைக் கையில் கொடுத்துவிட்டு உயிரைப் பிடுங்கிக்கொண்டால் நான் எப்படி எழுதுவது?

முடிவு ஒன்று: மாமா பிழைத்து, மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு (உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அடித்தாயிற்று.)

முடிவு இரண்டு: உள்ளதை உள்ளபடி எழுதுவது. தம்பி அதைப் படிப்பது. நடுவயதில், பணிமனை நாற்காலியில் உட்கார்ந்தபடி, அக்கா இத்தனை காலம் காத்துவைத்ததை நான் பறிப்பது. பிள்ளைத்தனம் எப்படிப் பறிபோகிறது என்று எழுத வந்தவள் நானே பறிக்கப் போகிறேன். முகம் தெரியாத ஒருவர் தலையில் கல்லைப் போட எனக்கு மனம் வரவில்லை.

சரி, முகத்தையாவது பார்ப்போம் என்று போனேன்.

5

பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றது. பயணிகள் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் இருக்கையில் தொப்பையும் கலகலப்புமாக ஒரு மனிதர், மடியில் தடித்த புத்தகம். தையல்காரம்மாவிடம் சட்டை தைக்கக் கொடுப்பவள் என்றேன்.

"கதை எழுதுறவங்கதானே? அக்கா சொன்னா. மாமா கதையா?" ஆரம்பித்துவிட்டார். கட்டில், கத்தல், மூன்று தட்டு எல்லாம் வந்தது. ஸ்டியரிங்கில் தட்டியே காட்டினார்.

நான் மெதுவாகக் கேட்டேன்: "மாமா அப்புறம் மகள் வீட்டுக்குப் போயிட்டாராமே?"

துணியை எடுத்துப் பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே பளிச்சென்று இருந்த கண்ணாடி.

"மாமாவுக்குக் கல்யாணமே ஆகலைங்க," என்றார். "பாவம், அவசரத்துல சொன்ன பொய். ரெண்டு பேருக்கும் அது தோணவே இல்ல."

நான் முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். அவர் தொடர்ந்தார்:

"மாமா தட்டினா கூரையிலிருந்து தூசி கொட்டும். அப்புறம் கேட்டதெல்லாம் லேசான தட்டு. அதுவும் அக்கா பக்கத்துல இல்லாதப்போ மட்டும்தான் கேக்கும்."

"அப்போவே தெரியுமா?"

"அஞ்சு வயசுப் பையனுக்கு என்ன தெரியுமோ அவ்வளவு தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கத்தினீங்க?"

"ஒரு நாள் கத்தாம இருந்து பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா. முகத்துல உயிரே இல்ல. மறுநாள் கத்தினேன். ஓடினா பாருங்க! சின்னப் பிள்ளை மாதிரி ஓடினா." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நீங்க எழுதுங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் எழுதிடாதீங்க. அவ தாங்க மாட்டா."

எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்தைவிட்டு இறங்கி, நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து அழுதேன். எழுத்தாளர் அழுததைக் கதையில் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

6

சட்டை தயார். போட்டுப் பார்த்தேன், கச்சிதம். தையல்காரம்மா காலரை நீவிவிட்டுக்கொண்டே கேட்டார்: "கதை முடிஞ்சுதா? மாமா உயிரோட இருக்காரா?"

"தட்டிக்கிட்டே இருக்காரு," என்றேன்.

"நல்லது," என்றார். தையல் எந்திரத்துக்குத் திரும்பிவிட்டார்.

7

முடிவு மூன்றை நான் எழுதப்போவதில்லை.

இருவருக்கும் வாக்குக் கொடுத்தேன், இருவரையும் ஏமாற்றி இதோ எழுதியும்விட்டேன். ஊர்ப் பெயரை எடுத்தேன். தொழில்களை மாற்றினேன்: தையல்காரி தையல்காரி இல்லை, ஓட்டுநர் ஓட்டுநர் இல்லை, கட்டில்கூடக் கட்டில் இல்லை. இதெல்லாம் ஊராருக்குத்தான். அந்த இரண்டு பேருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், எனக்குத் தெரியாதா?

ஆகவே மற்றவர்கள் இத்தோடு போய்வரலாம். இதைப் படிப்பது அந்த இருவரில் ஒருவர் என்றால், உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தை மூடுங்கள். மற்றவர் இருக்கும் வீட்டுக்குப் போங்கள். அழைப்பு மணியை அழுத்தாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கதவில் மூன்று முறை தட்டிவிட்டு நில்லுங்கள்.