சாட்சிக் கையெழுத்து

பயப்படுவதில் ரோகினிக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு மேலே தேயிலை மலையில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தாதியாக வந்த இரண்டு வருடத்தில் காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயந்தாள், அடையாள அட்டை கேட்கிற பொலிஸுக்குப் பயந்தாள், எல்லாவற்றுக்கும் மேலாக வார்டு சிஸ்டருக்குப் பயந்தாள். போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றேழாம் ஆண்டில் இத்தனைக்கும் பயந்துகொண்டே கை நடுங்காமல் ஊசி போட்டாளே என்று யாரும் பாராட்டவில்லை.

வார்டில் தமிழ் தெரிந்த தாதி அவள் ஒருத்திதான். சத்திரசிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் சிங்களத்தில் இருக்கும். அதன் அடியில் 'நோயாளிக்கு விளங்கும் மொழியில் விளக்கினேன்' என்ற வரிக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ரப்பர் சீலுக்குச் சம்பளம் கிடையாது, இவளுக்கு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நாள் மாலை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராசம்மாவின் படிவம் வந்தபோது ரோகினியின் ஒரு கையில் சேலைன் போத்தல், மறு கையில் யாரோ பெற்ற பிள்ளை. ராசம்மாவுக்கு இரண்டாவது பெண் பிறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. நாளைக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை, விளங்குதுதானே என்று ரோகினி போகிற போக்கில் கேட்டாள். சரிங்க மிஸ்ஸி என்று சொல்லி ராசம்மா பெருவிரலை நீட்டினாள். தோட்டத்தில் யார் தாளைக் காட்டினாலும் பெருவிரலை நீட்டித்தான் பழக்கம். எதற்கென்று கேட்டவர்களுக்கு வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கிடம் ஏச்சு கிடைத்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரோகினி ராசம்மாவை ஒப்பரேஷன் தியேட்டருக்குத் தயார்படுத்தினாள். தாலியைக் கழற்றச் சொல்லாமல் கயிற்றோடு சேர்த்து பிளாஸ்டர் ஒட்டினாள். மற்றவர்களின் வழக்கம் தெரிந்து நடப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

அப்போதுதான் ராசம்மா மெதுவாகக் கேட்டாள். "மிஸ்ஸி, வயித்தச் சுத்தம் பண்ணிட்டா அடுத்தது ஆம்பளப் புள்ளயா தங்குங்களா?"

ரோகினியின் விரல் பிளாஸ்டரிலேயே நின்றது. "நேற்று நான் சொன்னது விளங்கேல்லையே?"

"இல்லைங்க. ஒங்களுது படிச்ச தமிழுங்க. திருப்பிக் கேட்டா ஏசுவீங்களோன்னு சரின்னுட்டேன்."

ஆக, இவளுக்கும் பயப்பட ஓர் ஆள் இருந்திருக்கிறது. அந்த ஆள் தான்தான் என்பது ரோகினிக்கு இரண்டு வருடமாகத் தெரியாது.

தள்ளுவண்டி வார்டு வாசலில் வந்து நின்றது. பொய்ச் சாட்சி போட்டவளின் பெயரைத் தாதியர் பதிவேட்டிலிருந்து வெட்டலாம். அதற்கு மேல், யாழ்ப்பாணத்துக்காரி கள்ளக் கையெழுத்துப் போட்டாள் என்று யாராவது பொலிஸுக்கு ஒரு வரி எழுதினால் போதும். வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் ஆகாது, ரோகினிக்கு.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் உட்காருவது அதுவே முதல் தடவை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"இந்த ஒப்பரேஷன் செய்தா, ராசம்மா, உங்களுக்கு இனிப் பிள்ளையே பிறக்காது."

ராசம்மா கத்தவில்லை. பக்கத்தில் கிடந்த குழந்தையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டாள். "வேணாம்னா ஆஸ்பத்திரிய விட்டுத் தொரத்திருவாங்களா?"

"இல்லை. நீங்கள் சொல்லுறதுதான் முடிவு."

"அப்ப வேணாங்க."

ரோகினி போனபோது தியேட்டர் வாசலில் டாக்டர் கழுவிய கைகளை உயர்த்திப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் சிஸ்டர். ரோகினிக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அந்த நிமிடமே ஓடிப்போனது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு, நோயாளி சம்மதிக்கவில்லை, கையெழுத்து என்னுடையது, நான் விளக்கவில்லை என்று சொல்லி முடித்தாள்.

சிஸ்டர் அவளை ஓரமாக இழுத்துக் காதுக்குள் பேசினாள். நோயாளியின் குறிப்பு எழுதுகிற டிக்கெட்டில் காய்ச்சல் என்று எழுதிவிடு, ஒப்பரேஷன் தள்ளிப்போகும், உன் வேலையும் தப்பும் என்றாள். இரண்டு வருடத்தில் சிஸ்டர் அவளிடம் அன்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவே இன்னும் பயமாக இருந்தது.

காய்ச்சல் நாளைக்கு விட்டுவிடும். பெருவிரல் அடையாளம் அந்தத் தாளிலேயே இருக்கும். தள்ளுவண்டி திரும்ப வரும்.

ரோகினி டிக்கெட்டை வாங்கிச் சுவரில் வைத்து ஆங்கிலத்தில் எழுதினாள். 'விளக்கமின்றிப் பெற்ற ஒப்புதல். நோயாளி மறுக்கிறார். முந்திய சாட்சி தவறு.' அடியில் கையெழுத்துப் போட்டு, டாக்டரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

டாக்டர் அதைப் படித்தார். ராசம்மாவைக் கட்டிலிலேயே விடச் சொன்னார். ஏசுவார் என்று ரோகினி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் ஏசவில்லை, தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்படி நீ கையெழுத்துப் போட்டது இன்னும் எத்தனை?"

இதற்கு முன்னால் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அவளுக்கு அப்போது விளங்கியது. எத்தனை பேர் சரிங்க மிஸ்ஸி என்றார்கள், எத்தனை பேர் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் ஆம்பளைப் பிள்ளைக்குக் காத்திருக்கிறார்கள்?

"தெரியாது, சேர்," என்றாள். பிறகு, தான் சாட்சி போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க, படிவங்கள் வைத்த அலுமாரியின் சாவியைக் கேட்டுச் சிஸ்டரிடம் கையை நீட்டினாள்.