தறி நின்ற காலை

பட்டியலில் எட்டாவதாக தீபிகாவின் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தேன், மனசு வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கிற பிள்ளை. ஆனால் வாசித்ததிலிருந்து ஒன்றை ஊகித்து எழுதச் சொன்னால் மூன்று தேர்விலும் முட்டை. நாலு மணிக்குள் பட்டியல் தலைமையாசிரியர் தண்டாயுதபாணி சாரிடம் போயாக வேண்டும். போனால் நாளை முதல் அவள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி 'அ' எழுத வேண்டியதுதான்.

கடைசி விடைத்தாளை எடுத்தேன். பத்தி நானே எழுதியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. 'காலை ஒன்பது மணி. தெருவில் சத்தமே இல்லை. அப்பா வேலைக்குப் போகவில்லை. யார் வீட்டிலும் அடுப்பு பற்றவைக்கவில்லை. காரணம் என்ன?' ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் தூங்குகிறார்கள் என்பது விடை. அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு ஞாயிறு அப்படித்தான் விடியும். தீபிகா 'யாரோ இறந்துவிட்டார்கள்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெரிதாகத் தப்புப் போட்டிருந்தேன்.

கூப்பிட்டு, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமையும் எங்க தெருவுல தறி ஓடுமுங்க டீச்சர். எழவு உழுந்தாத்தான் முச்சூடும் நிறுத்துவாங்க."

"கரண்டு போயிருக்கலாமில்ல?"

"அப்ப அடுப்பு எரியுமுங்களே. பொணத்த எடுக்கற வரைக்குந்தானுங்க யாரூட்டுலயும் பத்த வெக்க மாட்டாங்க."

முந்தைய இரண்டு தாள்களையும் தேடி எடுத்துவந்து கேட்டேன். அவற்றுக்கும் காரணம் வைத்திருந்தாள். கேட்க வேண்டிய நான்தான் இத்தனை நாள் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. தப்புகளை அடித்துவிட்டு மதிப்பெண் போட்டேன். ஏழு பெயர்களோடு பட்டியல் போனது. அந்த ஏழு பேரையும் நாளைக்கே கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எடப்பாடி பஸ் நிறுத்தத்துக்கு தீபிகாவின் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அவள் பையை ஆட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். தெருவின் பாதியில் இருபுறமும் தறிகள் ஒரேயடியாக நின்றன. எழவோ என்று நின்றுவிட்டேன். தீபிகாவும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த அமைதியில், ஏதோ ஒரு வீட்டின் அடுப்பில் கடுகு படபடவென்று வெடித்தது.