பத்தில் ஒன்று

1

பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. மில்லி உப்புக்குத் தரவேண்டிய பணம் அது. பதினெட்டாயிரம் ஒரே தடவையில் கைமாற்றாகக் கொடுத்தது. நானூற்று ஐம்பது, அலுமினியத் தகடு ஏற்றி வந்த வண்டிக்கூலி. இந்தக் கதை அந்தப் பணத்திலிருந்துதான் பிறந்தது. காரிலிருந்து பிறந்தது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதல் பக்கத்தில் ஒரு பொய்யைப் பெற்றுப் போட்டால் கடைசிப் பக்கம் வரை அதற்குச் சோறு போடவேண்டும்.

உப்பு என்பது நான்தான். அடிபட்ட கார்களுக்கு உடம்பு சரிபண்ணும் பட்டறையில் எனக்குத் தேய்க்கிற வேலை. கையில் எப்போதும் உப்புத்தாள். உப்புத்தாள், உப்புத்தாள் என்று கூப்பிட்டு, கூப்பிடுகிறவர்களின் நாக்குக்குச் சோம்பலாகி, உப்பு என்று நின்றுவிட்டது. இந்தக் கதையை முதலில் ‘நான்’ என்றுதான் எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே அந்த ‘நான்’ மிகவும் நல்லவனாகிவிட்டான். அதனால் ‘அவன்’ என்று எழுதுகிறேன். அவனைத் திட்ட எனக்குக் கூச்சமில்லை.

மில்லி அதே பட்டறையில் தகடு தட்டுகிறவர்.*

வேறு தொடக்கங்களும் இருந்தன. அடித்ததை அப்படியே விட்டுவைக்கிறேன்:

(கடற்கரை மணலில், உலகத்திலேயே வேகமான கார் ஒன்று

நான் அந்தக் கடற்கரையைப் பார்த்ததில்லை.)

(மில்லி மாதிரி ஒரு மனிதரை நீங்கள் எங்கேயும்

பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒருவர் இருப்பார்.)

* குடிகாரர் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் சொல்லுவார். "இன்னைக்கு எனக்கு ரெண்டு மில்லி கோபம்" என்றால் யாரும் பக்கத்தில் போகக்கூடாது.

2

ஊரில் ஒரு பல் டாக்டர். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நீளமான கண்ணாடி அலமாரி. அதில் பழைய காலத்துச் சாதனைக் கார்கள், அந்தந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமாக ஓடியவை, பொம்மை அளவில் வரிசையாக நிற்கும். எல்லாம் பத்தில் ஒன்று. நிஜக் கார் பத்தடி என்றால் பொம்மை ஓரடி. வரிசையில் ஒரு இடம் காலி. அந்தக் காருக்குக் கடையில் பொம்மை கிடையாது. செய்துதர ஆள் தேடி மில்லியைப் பிடித்தார். அறுபதாயிரம் என்று பேச்சு. முன்பணம் வாங்கினால் கை நடுங்கும் என்று மில்லி வாங்கவில்லை. நடுங்காத கையோடு வந்து உப்புவிடம் கடன் வாங்கினார்.

டாக்டர் கொடுத்தது ஒரே ஒரு தாள். பழைய வார இதழிலிருந்து கிழித்தது. மேலே படம்: கார், அதன் பக்கத்தில் பானெட்டில் கைவைத்தபடி அதை ஓட்டியவர். கீழே இரண்டு பத்தி எழுத்து. மில்லிக்கு எண்கள் அத்துப்படி, எழுத்து ஆகாது. எழுத்து இருந்த பாதியைப் பின்னால் மடித்து, படத்தை மட்டும் சுவரில் குத்தி வைத்தார்.

நிஜக் காரின் நீளம் யாருக்கும் தெரியாது. மில்லி டிவைடரை எடுத்தார். படத்தில் ஆள் முப்பத்துநாலு மில்லி, கார் நூற்று நாற்பத்துநாலு மில்லி.

"ஆளு என்ன உயரம் இருப்பான்?" என்றார்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"என்னைப் பாரு. இவனைப் பாரு. அதே தோள், அதே நிப்பு. என் உயரம்தான். அஞ்சடி எட்டு."

அவ்வளவுதான். அந்த ஐந்தடி எட்டங்குலத்திலிருந்து கார் முழுவதும் கிளம்பியது. இருபத்துநாலடிக் கார். பத்தில் ஒன்றாக இருபத்தெட்டே முக்கால் அங்குலம். சக்கரம், புகைக்குழாய், ஓட்டுகிறவர் உட்காரும் குழி, எல்லாம் அந்த ஆளை வைத்து அளந்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் மில்லி கவிழ்த்த பெயின்ட் டப்பாமேல் காலை நீட்டி உட்கார்ந்து, இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "முட்டிக்கும் மூக்குக்கும் எத்தனை, அள" என்றார். உப்பு அளந்தான். பட்டறையே சிரித்தது.

பதினான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளும் சாப்பாட்டு நேரங்களும். மரத்தில் அச்சு செதுக்கி, அதன்மேல் தகட்டைத் தட்டிப் படியவைத்தார். தகடு முரண்டு பிடித்தால் சோப்பைத் தடவி அனலில் காட்டுவார். சோப்பு கறுத்தால் தகடு இளகிவிட்டது என்று அர்த்தம். அறுநூற்றுப் பதினாலு ஆணித்தலைகள், எல்லாம் குண்டூசியை நறுக்கியவை. பானெட்டைக் கட்டும் தோல்வார், ஒரு பழைய கைக்கடிகாரத்தினுடையது.

பானெட் மூன்று தடவை செய்தார். முதல் இரண்டையும் நசுக்கியது உப்புவின் கண்ணெதிரில். இரண்டாவதில் இடது ஓரம் அரை மில்லி தூக்கியிருந்தது.

"யாருண்ணே பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனேடா." சுத்தியலை ஓங்கினார்.

இதை மறந்துவிடாதீர்கள். உப்பு மறக்கவில்லை. பின்னால் அவன் செய்த எல்லாவற்றுக்கும் அவன் சொல்லிக்கொண்ட சாக்கு இந்த ஒரு சுத்தியலடிதான்.

3

இந்த இடத்தில் எனக்கு மில்லிமேல் சந்தேகம் வருகிறது. எழுத எழுத அவர் பெரிய மனிதராகிக்கொண்டே போகிறார். உண்மையில் பணம் கேட்டால் "அடுத்த வாரம்" என்பார். அடுத்த வாரம் அவருக்கு மட்டும் எட்டு மாதம் நீளும். மில்லிக்காரருக்கு நாள்காட்டி மட்டும் முழக்கணக்கு.

உப்புவின் மனைவிக்கு அவரைப் பிடிக்காது.

"வீட்டுக்காரர் இன்னைக்கும் வந்தாருங்க."

"என்னவாம்?"

"வீட்டு முன்பணத்தை ஏத்திட்டாரு. மாசக் கடைசிக்குள்ள வெக்கணுமாம். இல்லேன்னா குடிவர வேற ஆள் காத்திருக்காம். உங்க அண்ணன்கிட்ட கேட்டீங்களா?"

"கார் முடியப்போகுது. குடுத்ததும் தந்துடுவாரு."

"அந்தக் கார் ஓடுமா?"

"பொம்மைடி."

"அதான் கேட்டேன். நம்ம காசுல ஒரு வண்டி வாங்கி, அதுவும் ஓடாது."

இதற்குப் பதிலாக உப்பு சொன்ன ஒரு நல்ல வாக்கியத்தை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவன் செய்தது இதுதான்: சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

4

ஒரு செவ்வாய்க்கிழமை. மில்லி ரப்பர் வாங்க வெளியே போயிருந்தார். உப்பு சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற வியாதி: டப்பா, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு. படம் குத்தியிருந்த தாளின் மடிப்புக்குள் எழுத்து இருப்பது அவனுக்குத் தெரியும். இடது கையால் பிரித்தான்.

மெதுவாகப் படித்தான். முதல் பத்தியில் மணல், காற்று, கூட்டம். இரண்டாவது பத்தியில் இந்த வரி:

‘ஐந்தடி ஓரங்குலமே உயரமுள்ள இந்தச் சிறிய மனிதர்…’

அவன் ஓரங்குலத்தை எட்டங்குலமாக்க முயற்சி பண்ணினான். எழுத்து நகரவில்லை. விரல் வைத்துப் படித்தான். தாளில் குழம்புக் கறை பட்டது.

கணக்கு அவனுக்கும் வரும். ஆள் ஏழங்குலம் குட்டையானால் கார் இருபத்துநாலடி இல்லை. இருபத்தொன்றரை. அலமாரிக்குப் போகவேண்டிய பொம்மை இருபத்தாறு அங்குலத்துக்கும் குறைவு. எதிரே மேசையில், மூன்றாவது பானெட்டோடு, இருபத்தெட்டே முக்கால் நின்றுகொண்டிருந்தது.

வெளியே மில்லியின் செருப்புச் சத்தம். உப்பு தாளை இருந்தபடியே மடித்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"காரம்ணே" என்றான் அவன்.

5

இதை எத்தனை விதமாக எழுதினாலும் நியாயமாக வரமாட்டேன் என்கிறது.

(அவன் சொல்லியிருப்பான், ஆனால் மில்லியின் முகத்தைப் பார்த்ததும்

இல்லை. முகத்தைப் பார்க்கவேயில்லை.)

(பதினான்கு மாத உழைப்பை நசுக்க அவனுக்கு மனம்

இதில் பாதி உண்மை. மீதிப் பாதி மாதக் கடைசி.)

சொன்னால் மில்லி சுத்தியலை எடுப்பார். மறுபடி பதினான்கு மாதம். வீடு போய்விடும். சொல்லாவிட்டால் டாக்டர் வாங்கிக்கொள்வார், கடன் அடையும், மூன்று அங்குலம் யார் கண்ணுக்கும் தெரியாது. திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி இருந்தான். உள்ளே கடுத்தது. வாயைத் திறக்க வழியில்லை.

அதோடு வேலையும் அவனுடையது. மேல்பூச்சுக்கு முன் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவேண்டும்: நானூறு நம்பர் தாள், எண்ணூறு, ஆயிரத்து இருநூறு. இருக்கக்கூடாத மூன்று அங்குலத்தை அவன் தன் கையாலேயே கண்ணாடியாக்கினான்.

தாளைப் படித்த ஒன்பதாவது நாள் ஒரு ஓட்டல் முதலாளி தன் காரை விட வந்தார். மேசைமேல் இருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது விலைக்கா?"

"பேசி முடிச்சாச்சு சார்" என்றார் மில்லி.

"என்ன விலை? சொல்லுங்க. எழுபத்தஞ்சு தரேன். ஓட்டல் வாசல்ல கண்ணாடிப் பெட்டில வெக்கணும்."

"பத்துல ஒண்ணு அளவுல டாக்டருக்குன்னு செஞ்சது சார்."

"எனக்குப் பத்துல ஒண்ணா, பாதியான்னு யாரு கேக்கப் போறா? பாக்க நல்லா இருக்கு. அவ்வளவுதான்."

"சொன்ன சொல்லு சார்" என்று மில்லி சிரித்தார். முதலாளி தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அந்தப் பெட்டியில் ஒரு கப்பல் வாங்கி வைத்துவிட்டதாகக் கேள்வி.

அந்த நிமிடம் உப்பு வாயைத் திறந்திருக்கலாம். ‘அண்ணே, அது பத்தில் ஒன்று இல்லை, இவருக்கே கொடுங்கள்’ என்றால் முடிந்தது. கார் பிழைத்தது, எழுபத்தைந்தாயிரம், கடன், வீடு, எல்லாம். அவன் ஏன் பேசவில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள். எட்டு நாள் சொல்லாததை ஒன்பதாவது நாள் சொன்னால், அந்த எட்டு நாளுக்கு என்ன பதில்?

6

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

முதலாவதில் உப்பு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்கிறான், மில்லி அவனைக் கட்டிப்பிடிக்கிறார். இதை எழுதிய தாளை மனைவி எதற்கோ எடுத்துவிட்டாள். தேடவில்லை.

இரண்டாவதில் யாருக்கும் எதுவும் தெரியவருவதில்லை. கார் அலமாரியில் நிற்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

மூன்றாவது, நடந்தது.

படித்த பத்தொன்பதாம் நாள், மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, இரண்டு பேரும் காரைப் போர்வையில் சுற்றி, திருப்பித்தரவேண்டிய தாளையும் எடுத்துக் கொண்டுபோனார்கள். காத்திருக்கும் அறையில் கன்னம் வீங்கிய ஒரு அம்மா மட்டும். உள்ளே பல் குடையும் சத்தம். மில்லி காரை அலமாரியில் காலி இடத்தில் இறக்கினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாகூட எழுந்து வந்து பார்த்தார்.

டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வந்தார். குனிந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் காரைக் காட்டினார்.

"இது போன மாசம்தான் வந்தது. ரெண்டும் அண்ணன் தம்பி, தெரியுமா? ஒரே கம்பெனி. ரெண்டுக்கும் ஒரே சக்கரம்தான் போட்டாங்க."

மில்லியின் கை பைக்குள் போனது. டிவைடர். பக்கத்துக் காரின் சக்கரத்தில் வைத்தார். விரிப்பு மாறாமல் தன் சக்கரத்துக்குக் கொண்டுவந்தார். மறுபடி வைத்தார்.

"பத்து மில்லி பெருசு" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

உப்புவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆளு குட்டைண்ணே. அஞ்சடி ஒரு அங்குலம். மடிச்ச பக்கத்துல போட்டிருக்கு."

டாக்டர் தாளை வாங்கிப் படித்தார். "அட, ஆமா. இத்தனை வருஷமா வெச்சிருக்கேன், கவனிக்கல."

மில்லி கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அங்குலக் கணக்கு: அறுபத்தெட்டு, அறுபத்தொண்ணு. சுத்தியலுக்குப் பதிலாக ஒரு சிரிப்பு வந்தது. அதை உப்பு எதிர்பார்க்கவேயில்லை.

"டாக்டர், என் கார்ல பிழையில்ல. எல்லா அளவும் அந்த ஆளை வெச்சு எடுத்தது. அவன் குட்டையானா எல்லாம் சேந்துதான் குட்டையாகும். இது ஒம்பதுல ஒண்ணு. அச்சு அசல் ஒம்பதுல ஒண்ணு."

"நான் பத்துல ஒண்ணு கேட்டேனே" என்றார் டாக்டர், மெதுவாக. "இந்த வரிசைல நின்னா எனக்குத் தூக்கம் வராதுங்க. தப்பா நினைக்காதீங்க. வேலை பிரமாதம். இருபதாயிரம் தரேன், வீட்டுல தனியா வெச்சுக்கறேன். கட்டுபடியாகலேன்னா எடுத்துட்டுப் போங்க. எனக்கு வருத்தமில்ல."

மில்லி காரைப் பார்த்தார். பிறகு திரும்பி உப்புவைப் பார்த்தார்.

"நாளைக்குத்தானே உன் வீட்டுக்காரன்?"

உப்பு தலையாட்டினான்.

"குடுங்க டாக்டர்" என்றார் மில்லி.

7

வாசலுக்கு வெளியே, மருந்துக்கடை நிழலில் நின்று மில்லி எண்ணினார். எச்சில் தொட்டு, ஒவ்வொரு தாளாக. பதினெட்டாயிரம். பிறகு நானூறு. பிறகு ஐம்பதுக்குச் சில்லறை இல்லாமல் மருந்துக்கடைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு மிஞ்சியது ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. பதினான்கு மாதத்துக்கு.

"வேணாம்ணே. அப்புறம் பாத்துக்கலாம்."

"கையை நீட்டுடா."

அவன் நீட்டினான். இங்கேதான் ‘அவன்’ என்று எழுதுவது எனக்கு நின்றுபோகிறது. கை என்னுடையது.

"அண்ணே, கார் நல்லா வந்துச்சு" என்றேன்.

"வந்துச்சு." போர்வையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "உப்பு, ஒண்ணு கேக்கறேன். அந்த வரியை நீ எப்போ படிச்சே? ஓட்டல்காரர் வந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் குரலில் ஒரு மில்லி கோபம்கூட இல்லை. அளவு எடுக்கும்போது கேட்கிற குரல்.

நான் ஒரு பதில் சொன்னேன். ஒரே ஒரு சொல். அதை இங்கே எழுதப்போவதில்லை. முன்னாடி என்று சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும், பின்னாடி என்று சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டு தாளிலும் மில்லி ஒரே மாதிரி "சரி" என்கிறார். ஒரே மாதிரி சாலையைக் கடக்கிறார். என்னைத்தான் இரண்டிலும் சரியாக நிறுத்திவைக்க முடியவில்லை. நீங்கள் எந்தச் சொல்லை வைக்கிறீர்களோ, வையுங்கள். உங்கள் உயரத்தை வைத்து என்னை அளக்காமலிருந்தால் போதும்.

அவர் போனபிறகு பணத்தை மறுபடி எண்ணினேன். பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. சரியாக இருந்தது.