கதவைப் பார்த்திருந்த நாற்காலி

தலையணையை உயர்த்தி வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் அப்பா கனகவல்லியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களில் இன்னும் அவ்வளவு வலு இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"கனகா, அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

மூச்சு வாங்கிவிட்டு மீதியைச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா. நான் அம்மாவ வரச் சொல்றேன்."

அப்பா அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தினமும் போய்வரும் தெருவில் திடீரென்று ஒரு சுவரைக் கண்டவர் போல இருந்தார். பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டார்.

அப்பா பொன்னுரங்கமும் அம்மா சாமுண்டீஸ்வரியும் நேருக்கு நேர் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. முடிச்சூரில் இருந்த நிலம், அம்மாவின் தகப்பனார் மருமகன் பேரில் எழுதி வைத்தது. அதை மனைகளாகப் பிரிக்க அப்பா வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்துவிட்டார். அளவுக்கல் நட்ட பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்று கனகவல்லி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. "உங்கப்பாவ சாப்பிடச் சொல்லு" என்றாள் அம்மா. அப்பா ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தார். அவள் திரும்பி அவரிடம் சொன்னாள். அவ்வளவுதான், அன்று தொடங்கியது.

வீடு அதற்குப் பழகிக்கொண்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. மாலையில் அம்மா டீ போட்டு அப்பாவின் டம்ளரை இவளிடம் கொடுப்பாள். இவள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அம்மா சமையலறை நிலைப்படியில் நிற்பாள். எதுவும் கேட்கமாட்டாள், நிற்பாள். அப்பா பெரும்பாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். "சக்கரை சரியா இருக்காம்" என்பாள் கனகவல்லி. அதன் பிறகுதான் அம்மா தன் டம்ளரைத் தொடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் வார்த்தைகளின் முள்ளை வழியிலேயே ஒடித்துப் போடவும், வராத வார்த்தைகளை வந்ததாகச் சொல்லவும் அவள் பதினாலு வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள். வந்த வரன்கள் தட்டிப்போனதற்கு உறவினர் ஜாதகத்தைச் சொன்னார்கள். அவள் மறுப்பு சொல்லவில்லை. தான் போய்விட்டால் இந்த வீட்டில் டீ யார் கையில் போகும் என்ற பயத்தை யாரிடம் சொல்ல முடியும்?

அவள் வேலை பார்த்த இடமும் அப்படி அமைந்தது. தாம்பரத்தில் ரயில்வே லைனுக்குக் கிழக்கே ஒரு மாடியில் இருந்த குடும்ப ஆலோசனை மையம். ஆலோசனைக்குப் பிறகு தம்பதிகள் எப்படி இருக்கிறார்கள் என்று அங்கே ஜெபசீலன் சார் ஆராய்ச்சி செய்தார். கணவனையும் மனைவியையும் எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்து, அவர்களுக்குள் தீராத ஒரு விஷயத்தைப் பத்து நிமிஷம் பேசச் சொல்வார்கள். கனகவல்லி ஓரத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வாள். யார் குறுக்கே பேசினார், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மௌனம் எவ்வளவு நீண்டது. தலையாட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது, எடுத்துக்கொடுக்கக்கூடாது. முகத்தைத் திருப்பினால் ஒரு குறி. இருவருமே திருப்பிக்கொண்டால் அடர்த்தியாக இன்னொரு குறி. ஆறு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்கே போய் மறுபடியும் பார்ப்பாள். அடர்த்தியான குறி விழுந்த வீடுகள் பெரும்பாலும் உடைந்திருக்கும்.

போன வாரம், ஆஸ்பத்திரியில் அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்ட அன்று, மகளை நடுவில் வைத்தே பேசிக்கொள்ளும் யாரோ ஒரு தம்பதியைப் பற்றிக் கேட்பதுபோல் சாரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நடுவுல ஒரு ஆள் இருக்கிற வரைக்கும் அவங்க பேசமாட்டாங்க. அந்தப் பொண்ணு நல்லது செய்யறதா நினைச்சுக்கிட்டு இருக்கு. எழுந்து வெளியே வந்துடச் சொல்லு."

எல்லாம் புரிந்துகொண்டு சொன்னது போலத்தான் இருந்தது.

சமையலறையிலிருந்து அம்மாவை அழைத்து வந்தாள். கூடத்து நாற்காலியை எடுத்துவந்து, மையத்தில் போடுவது போலவே கட்டிலைப் பார்த்தபடி போட்டாள். அம்மா நுனியில் உட்கார்ந்து, "எங்கடி போற?" என்றாள். "துணி காயப் போடணும்" என்று சொல்லிவிட்டுக் கனகவல்லி கொல்லைப்பக்கம் போனாள்.

காயப் போட ஒன்றும் இல்லை. அடிபம்ப் அருகே நின்று காதைக் கூர்மையாக்கினாள். பெருங்களத்தூர்ப் பக்கம் மின்சார ரயில் ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. அது ஓய்ந்த பிறகும் அறையிலிருந்து எதுவும் கேட்கவில்லை. எத்தனையோ வீட்டு மௌனங்களை அளந்தவள் இதை அளக்க முடியாமல் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். இப்போது உள்ளே போனால் எல்லாம் கெட்டுவிடும். போகாவிட்டால்? மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளியம்மாள் எட்டிப் பார்த்து, "அப்பா எப்டி கீறாரு?" என்றாள். "இருக்காரு" என்றாள். உள்ளே ஏதோ நகர்ந்த சத்தம், நாற்காலியாக இருக்கலாம். ஒரு அடி எடுத்து வைத்து, நின்றுவிட்டாள்.

அம்மா பின்வாசலில் வந்து நின்றாள். ஈரமில்லாத கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கனகா, வா."

உள்ளே போனபோது அப்பாவின் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. கட்டிலைப் பார்த்து அவள் போட்டுவிட்டுப் போன நாற்காலியும் திரும்பியிருந்தது. அதன் முதுகு அப்பாவின் பக்கம் இருந்தது.

அவர் இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகை வருவதற்கு முன்னால் அந்த அடர்த்தியான குறி வந்து கனகவல்லியின் மனசில் விழுந்தது.

பீர்க்கன்கரணையிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சித்தப்பா அரிகிருஷ்ணன் அண்ணனின் தலையை நேராக்கித் தாடையைக் கட்டினார். உடலை வாசல் பந்தலுக்கு எடுத்துப் போனார்கள். அறையில் நாற்காலி மட்டும் இருந்தபடி இருந்தது. அதைத் தொட யாருக்கும் வேலை வரவில்லை, அவளுக்குத் துணிவு வரவில்லை.

கிளியம்மாள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அழுதாளா என்று கனகவல்லியால் சொல்ல முடியவில்லை. வாய்க்கரிசி போடும்போது அம்மாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அசையவில்லை. இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள். கடைசி நேரத்தில் அந்த அறைக்குள் என்ன நடந்தது? பழைய நிலத்துப் பேச்சு வந்ததா? அவர் சொல்ல வந்ததைச் சொல்லி, அம்மா வெடுக்கென்று திரும்பிக்கொண்டாளா? இவள் கொண்டுபோயிருந்தால் அதன் முள்ளை ஒடித்துக் கொடுத்திருப்பாள். வாயைத் திறந்தவரைப் பேசவிடாமல் அடைத்தது இவள்தான்.

ஜெபசீலன் சார் மாலையோடு வந்தார். வேண்டிய மட்டும் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்சம் தயங்கி, "பேசிக்கிட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டார். அன்று அவள் கேட்ட அந்தத் தம்பதி யார் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

"தெரியல சார்."

அவர் தலையசைத்துவிட்டு ஆண்கள் நின்ற பக்கம் போனார். ஒருவர் இறந்துபோனால் அந்தத் தம்பதியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து யாரும் கேட்க வரமாட்டார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் அது அவளுக்கு நியாயமாகப் பட்டிருந்தது.

வெயில் தாழ்ந்ததும் பறைச் சத்தம் தெருக்கோடியைத் தாண்டி ஏரிக்கரைப் பக்கம் போய் மங்கிற்று. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். சித்தப்பா கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பி, ஈரத்தோடு விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார். உயிர் பிரிந்த அறையில், கட்டில் இருந்த இடத்தில் அந்த விளக்கு எரிந்தது. சொந்தக்காரர்கள் பந்தலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கனகவல்லி எதிரே உட்கார்ந்தாள்.



"காலைல உன் கையப் புடிச்சிகினு இன்னாவோ சொல்ல வந்தாரே" என்றாள் அம்மா. "இன்னா சொன்னாரு?"

கனகவல்லி நிமிர்ந்தாள். "உன்கிட்ட சொல்லலியா?"

"எங்கிட்ட எங்க சொல்வாரு? நீ தான வந்து சொல்லுவ." அம்மா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். "கதவாண்டயே பாத்துகினு இருந்தாரு. எனக்கு அந்தாண்ட திரும்பிப் பாத்து கழுத்து வலிச்சிது. நாற்காலியத் திருப்பிப் போட்டுகினேன். ரெண்டு பேருந்தான் பாத்துகினு இருந்தோம், இப்ப வருவ, இப்ப வருவன்னு."

கனகவல்லி நாற்காலியைப் பார்த்தாள். அப்பாவின் தலை இருந்த திசையும் அதன் திசையும் ஒன்றுதான். ஒரே கதவுதான்.

"அப்பால அவருக்கு மூச்சு ஒரு மாதிரி இழுத்துது. 'வந்துருவா, துணி தான் போடறா'ன்னேன்."

"யார்கிட்ட?"

"அவர்கிட்டதான். வேற யாரு இருந்தா அங்க?"

அம்மா அதைச் சாதாரணமாகச் சொன்னாள். தான் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"அவரு?"

"தலைய ஆட்டினாரு." அம்மா அவள் முகத்தைப் பார்த்து, "இன்னா சொல்ல வந்தாரு கனகா?" என்று மறுபடியும் கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் இல்லாத எத்தனையோ வார்த்தைகளை அவள் உண்டாக்கிக் கொடுத்திருக்கிறாள். இப்போது ஒன்றும் வரவில்லை. அம்மாவின் கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. அந்த நேரத்தில் கிளியம்மாள் தூக்குவாளியில் டீ கொண்டுவந்து வைத்து, "காலைலேந்து பச்சத் தண்ணிகூட குடிக்கல நீ, குடி அக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா எழுந்து தூக்குவாளியோடு சமையலறைக்குப் போனாள். கனகவல்லியும் பின்னால் போனாள். அம்மா அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்தாள். தன்னுடையதில் ஊற்றி மேடையில் வைத்தாள். அப்பாவுடையதில் ஊற்றி, எப்போதும் போல விளிம்பைத் துடைத்து, மகளிடம் நீட்டினாள்.

கனகவல்லி வாங்கிக்கொண்டாள். சூடு விரல்களில் ஏறியது. அறைக்குப் போய் விளக்கின் பக்கத்தில் டம்ளரை வைத்தாள். காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நாற்காலி அப்படியே கதவைப் பார்த்தபடி இருந்தது. அதை அவள் நகர்த்தவில்லை. அப்பா குடிக்க எடுத்துக்கொள்ளும் அளவு நேரம் அங்கே நின்றாள்.

திரும்பியபோது அம்மா சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"சக்கரை சரியா இருக்காம்" என்றாள் கனகவல்லி.

அம்மா உள்ளே போய்த் தன் டம்ளரை எடுத்தாள்.