அம்மா தைத்த இறக்கை

என் அப்பா ஜேசுதாசன் வெள்ளைக்காரரின் சிலேத்தார் விமானத் தளத்தில், விமானங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்த தாத்தாவுக்குத் தன் மகனும் மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று ஆசை. அப்பாவுக்கு இன்ஜின்தான் பிடித்தது. என் அம்மா புஷ்பராணியைப் பெண் பார்க்கப் போன அன்று, அம்மாவின் தகப்பனார் மாப்பிள்ளையின் கறுத்த நகங்களைப் பார்த்துவிட்டு, "தொழில் என்னவெண்டு கேக்கத் தேவையில்லை" என்றாராம். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கழுவினால் போகும்தானே?"

அந்தக் கறுப்பு எதைப் போட்டுக் கழுவியும் போகவில்லை. கல்யாணம் மட்டும் நடந்தது.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தார்கள். அம்மா சன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு, ரவிக்கையும் தேவாலயத்துக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கவுனும் தைத்துக் கொடுத்தார். அப்பா விடியற்காலையில் லாரியேறி சிலேத்தாருக்குப் போவார். அவரும் ரவூப் என்ற நண்பரும் ஒரே விமானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அது மேலும் கீழுமாக இரண்டிரண்டு இறக்கை வைத்த பழைய விமானம். உலோகச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தியிருக்கும். "நம்ம லாரி கொஞ்சம் முக்கினா இதை முந்திடும்" என்று ரவூப் கேலி செய்வாராம். அப்பாவுக்குக் கோபம் வரும். அந்த விமானத்தை அவர் 'எங்கட பிள்ளை' என்றுதான் சொல்வார்.

நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பானியரோடு சண்டை வந்தது. சனவரியில் குண்டு போடும் விமானங்கள் அநேகமாக தினமும் வந்தன. இறக்கைத் துணி தைக்கும் கொட்டகையில் ஒரு குண்டு விழுந்தது. அங்கே வேலை செய்தவர்களில் இருவர் இறந்தார்கள்; மற்றவர்களில் பாதிப் பேர் மறுநாள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் விமானங்கள் கிழிந்து வந்துகொண்டேயிருந்தன. 'எங்கட பிள்ளை'யின் மேல் இறக்கையில் ஒரு முழத்துக்குக் கிழிசல்.

அப்பாவே ஊசி எடுத்துத் தைத்தார். மேற்பார்வை பார்த்த சார்ஜன்ட் வில்க்ஸ் வந்து விரலால் ஒரு சுண்டு சுண்டினார். தையல் பிரிந்து போனது.

"உனக்குத் தைக்கத் தெரியாது" என்றார் வில்க்ஸ்.

"என் மனைவிக்குத் தெரியும்" என்று அப்பா யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

"அப்படியானால் கூட்டி வா."

அன்று சாயந்திரம் அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். குண்டு விழுகிற இடம், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொன்னார். அம்மா தைத்துக்கொண்டிருந்த கவுனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நான் சேலையோட ஏணியில ஏறமாட்டன். உங்கட ஓவரால் ஒண்டு தாங்கோ."

மறுநாள் அந்த முழுநீள வேலையுடுப்பின் கால்பகுதியை மூன்று மடிப்பு மடித்துவிட்டு, ரவூப்புக்கும் அப்பாவுக்கும் நடுவில் அம்மா லாரியில் உட்கார்ந்து போனார். வில்க்ஸ் வளைந்த ஊசியையும் மெழுகு தடவிய நூலையும் கொடுத்து, ஒவ்வொரு தையலிலும் எப்படி முடிச்சுப் போடுவது என்று ஒரு முறை காட்டினார். இரண்டாவது முறை காட்ட அவசியம் இருக்கவில்லை. தைத்த இடத்தில் ஒட்டுத்துணி வைத்து, அதன் மேல் துணியை விறைப்பாக்கும் ஒரு பூச்சைப் பூசுவார்கள். அழுகின வாழைப்பழம் மாதிரி நாறும், வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று அம்மா சொல்வார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அபாயச் சங்கு ஊதியது. எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் ஏணி உச்சியில், கையில் ஊசியோடு.

"இறங்கும்! கெதியா இறங்கும்!" என்று அப்பா கத்தினார்.

"கடைசி முடிச்சுப் போடாட்டில் முழுக்க உருவிக்கொண்டு போயிடும். கொஞ்சம் பொறுங்கோ."

அப்பா ஏணியைப் பிடித்தபடி நின்றார். விமானங்களின் இரைச்சல் தலைக்கு மேல் வந்துவிட்டது. அம்மா முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு இறங்கினார். இருவரும் குழிக்குள் விழுந்த பிறகுதான் முதல் குண்டு வெடித்தது. தலையெல்லாம் சேறு. அப்பா அம்மாவைக் கட்டிப்பிடித்தபடி திட்டினார். அம்மா சிரித்தார். இந்தக் கதையை அப்பா எப்போது சொன்னாலும் இந்த இடத்தில் அம்மா குறுக்கிடுவார்: "நான் சிரிக்கேல்லை. பயத்தில எனக்குப் பல்லுக் கிட்டினது."

அந்த மாதக் கடைசியில், கிழக்குக் கரையில் வந்திறங்கிய ஜப்பானியக் கப்பல்களைத் தாக்க இந்தப் பழைய விமானங்களைப் பட்டப்பகலில் அனுப்பினார்கள். அப்பாவும் ரவூப்பும் அம்மாவும் ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனவற்றில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. வெகு நேரம் கழித்து 'எங்கட பிள்ளை' இருமிக்கொண்டே வந்து இறங்கியது. வாலெல்லாம் சல்லடை. அம்மா தைத்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

விமானி இறங்கி வந்தார். முகமெல்லாம் எண்ணெய். வில்க்ஸ் அம்மாவைக் காட்டி, இறக்கை தைத்தது இவர்தான் என்றார். விமானி தொப்பியைக் கழற்றினார். அம்மா கையிலிருந்த துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, தமிழிலேயே, "சாப்பிட்டியே அப்பன்?" என்று கேட்டார். பிறகு தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து நீட்டினார். அவர் புல்லில் உட்கார்ந்து புட்டையும் சம்பலையும் கையாலேயே அள்ளித் தின்றார், கண்ணில் நீர் வழிய. சம்பல் உறைப்பில்தான் அழுதார் என்று அப்பா சொல்வார்.

சில நாளில் மிஞ்சிய விமானங்கள் ஜாவாவுக்குப் பறந்தன. வில்க்ஸ் அப்பாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். கப்பலில் ஓர் இடம். குடும்பத்துக்கு இல்லை.

"போங்கோ" என்றார் அம்மா. "விமான வேலை தெரிஞ்ச ஆளெண்டு ஜப்பான்காரங்களுக்குத் தெரிஞ்சால் விடமாட்டாங்கள்."

"நீர் ஏணியில நிக்கேக்குள்ள நான் ஓடினனானே?"

அப்பா மறுநாள் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். வில்க்ஸ் அவர் கையைப் பிடித்தவர் நெடுநேரம் விடவில்லையாம்.

ஊர் ஜப்பானியர் கைக்குப் போனதும் அப்பா தன் சீருடையையும் காகிதங்களையும் அடுப்பில் போட்டார். அம்மா அவரைப் பக்கத்தில் உட்கார்த்திப் பொத்தான் தைக்கப் பழக்கினார். கணக்கெடுக்க வந்த அதிகாரி தொழில் கேட்டான். கூட வந்த மொழிபெயர்ப்பாளரிடம் அப்பா, "தையற்காரன்" என்றார். அதிகாரி அவர் கையைப் புரட்டி நகங்களைப் பார்த்தான்.

"தையல் மெஷின் எண்ணெய்" என்றார் அம்மா.

அதிகாரி ஒரு சட்டையைத் தூக்கி அப்பா மடியில் போட்டான். தை. அப்பா தைத்தார். தையல் நண்டு நடந்த மாதிரி போனது. அதிகாரியின் முகம் மாறுவதைப் பார்த்தார் அம்மா. சட்டையைப் பிடுங்கினார். "அறிவு கெட்ட மனுசன்! ஆறு வருசமாச் சொல்லித் தாறன், ஒரு பொத்தானுக்கும் வழியில்லை! உன்னைக் கட்டி நான் என்ன சுகத்தைக் கண்டன்?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி வைதார். மொழிபெயர்ப்பாளர் திணறித் திணறி அதைச் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி சிரித்துவிட்டான். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

அம்மா அப்பாவை ஒருமையில் அழைத்தது வாழ்நாளிலேயே அந்த ஒரு தடவைதான். அன்று முழுக்க அம்மா அழுதார். அப்பாவோ, "இன்னொருக்காச் சொல்லும், நல்லா இருந்தது" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாராம்.

மரவள்ளிக்கிழங்கைத் தின்று மூன்றரை வருடத்தைக் கடந்தார்கள். சண்டை முடிந்ததும் அப்பா மறுபடி சிலேத்தாருக்கே வேலைக்குப் போனார். ரவூப்பும் வந்தார். வில்க்ஸ் ஜாவாவில் சிறைப்பட்டு இறந்துபோனதாக அங்கேதான் தெரிந்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. அடுத்த வருடம் நான் பிறந்தேன்.

ஐம்பத்தெட்டில் அம்மாவின் தங்கை கல்யாணத்துக்காக நாங்கள் மூவரும் கொழும்புக்கு விமானத்தில் போனோம். அத்தனை வருடம் விமானத்தோடு கிடந்த அப்பா அதுவரை ஒரு தடவையும் பறந்ததில்லை. அது எனக்கு அன்றுதான் தெரியும். விமானம் எழும்பியபோது அவர் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா, சத்தம் சரியா இருக்கோ?"

அப்பா இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். "சரியாத்தான் இருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லி அம்மா அவர் தோளில் சாய்ந்து தூங்கிப் போனார். கொழும்பு வரும்வரை அப்பா அந்தத் தோளை அசைக்கவேயில்லை.