இரங்கலுக்கு முன் ஒரு திருத்தம்

அவை முன்னவர் என்பது கேட்கப் பெரிய பதவி. அரசின் அலுவல்களை நாடாளுமன்றத்தில் நடத்திக் கொடுப்பவர். எந்த மசோதா முந்தி, எது பிந்தி என்று எதிர்த்தரப்போடு பேசி முடிப்பவர். விளங்கச் சொன்னால் தரகு வேலை. இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே திட்டு வாங்க வேண்டும். முன்னவருக்கு அது கைவந்த கலை.

அன்று கடைசி நாள். மறுநாள் மன்றம் கலைகிறது. துறைமுகப் பாதுகாப்பு மசோதா அன்றைக்கே நிறைவேறாவிட்டால் செத்தது. அவை கூடுவதற்கு முன்பே மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் ‘கிரேன்’ போய்விட்டார். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவையிலும் எதையாவது தூக்கி யார் தலையிலாவது போடாமல் உட்கார மாட்டார். முன்னவருக்கு முப்பது வருட எதிரி, அதே முப்பது வருட டீத் துணை.

உறுப்பினர் இறந்தால் சேதியை முன்னவர்தான் அவைக்குச் சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில், இறந்தவருக்கு மரியாதையாக, அவை அலுவலை ஒத்திவைத்துவிட்டு அன்றைக்கு எழுந்துவிடும். மாலைவரை பொறுக்க முடியுமா என்று எந்த வாயால் கேட்பது? மருத்துவமனை மாடிப்படி முழுக்க வார்த்தை தேடிக்கொண்டே ஏறினார்.

கிரேனின் மனைவி அறைக் கதவைச் சாத்திவிட்டு அவரே ஆரம்பித்தார்.

“எங்க கட்சி ஆளுங்களுக்கு இன்னும் சொல்லல தம்பி. சொல்லியிருந்தா இந்நேரம் பூமாலை வந்திருக்கும். இவர் கேட்டது வந்திருக்காது.”

“அண்ணி...”

“ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இந்தச் சட்டம் செல்லணும்னு ஒரு வரி திருத்தம் குடுத்திருந்தார்ல?”

“குடுத்தவர் அவையில இல்லேன்னா அது தானா விழுந்துடும் அண்ணி.”

“விழாம நீங்க கொண்டு வாங்க. சாயங்காலம்வரைக்கும் நான் வாயத் திறக்கல. உங்களுக்கு உங்க சட்டம், எனக்கு அந்த ஒரு வரி.”

முன்னவர் கட்டிலைப் பார்த்தார். போர்த்தியிருந்த துணிக்கு வெளியே கிரேனின் பெருவிரல் தெரிந்தது. இழுத்து மூடினார்.

“நான் பேசினேன்னு மூச்சு விடக் கூடாது. பொண்ணு வந்துட்டிருக்கா. அப்பா போன நேரத்துல அம்மா பேரம் பேசினான்னு அவ காதுல விழுந்தா தாங்க மாட்டா.”

“பழி என்னோட இருக்கட்டும்” என்றார் முன்னவர்.

பிரதமர் தம் அறையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கோப்பையை வைத்தார்.

“ஒரு வரிதானேன்னு சொல்லாதய்யா. கப்பல் கம்பெனிக்காரன் என் சட்டையைப் பிடிப்பான்.”

“அப்ப இப்பவே போய்ச் சேதியைச் சொல்லிடறேன். அவை எழுந்துடும். தேர்தலுக்கு வெறுங்கையோட போவோம்.”

“மிரட்டறியா?”

“விலை சொல்றேன்.”

“பொணத்தை வச்சுப் பேரம் பேசறியே, கூசல உனக்கு?”

“கூசுது. இருந்தாலும் இதுக்குக் கீழ இறங்க மாட்டேன்.”

பிரதமர் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, “தொலை, போ” என்றார்.

எதிர்க்கட்சிக்காரர் கொடுத்த திருத்தத்தை முன்னவரே எழுந்து அரசின் திருத்தமாக முன்மொழிந்தபோது எதிர்வரிசை வாய் பிளந்தது. “மழைதான் வரப்போவுது!” என்று ஒருவர் கத்த, இரு பக்கமும் சிரித்தார்கள். முன்னவரும் சிரிக்க வேண்டியிருந்தது. காலியாக இருந்த கிரேனின் இருக்கைப் பக்கம் மட்டும் அவர் முகத்தைத் திருப்பவில்லை. மசோதா நிறைவேறியது.

அப்புறம் மறுபடி எழுந்து, இறப்புச் சேதியைச் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவர் மெதுவாக எழுந்தார்.

“எப்ப போனார்?”

“காலையில.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“காலையில.”

அதற்குப் பிறகு அவையில் எழுந்த வசவுகள் குறிப்பேட்டில் ஏறத் தகாதவை. பிணந்தின்னி என்பதுதான் அவற்றில் மென்மையானது. இரங்கல் உரையை முதலில் பேச வேண்டியவர் முன்னவர். ஒரு வாக்கியம்கூடப் பேச விடவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மாலையில் துக்க வீட்டு வாசலில் கிரேனின் மகள் மறித்தாள். “எங்கப்பாவை ஒரு நாள் முழுக்க அனாதையாக் கிடத்தி வச்சீங்களே, அவரோட டீ குடிச்சவர்தானே நீங்க?”

உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தாய் நிமிர்ந்தார். முன்னவர் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்: வேண்டாம். அந்த அம்மாள் திறந்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

முன்னவர் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். ஊர்வலம் கிளம்பியது. துறைமுகத்து ஒப்பந்த ஆட்கள் வேலை உடுப்போடு கூட்டமாக வந்தார்கள். ஒருவன் அவரை அடையாளம் கண்டு தோளால் இடித்தான்.

“தள்ளி நில்லுய்யா. எங்காளு போறாரு.”

முன்னவர் தள்ளி நின்றார்.