பாதி உறைந்த பானை

எங்கள் ஊரில் பால் தயிராக வேண்டுமென்றால், பசுவின் தாயும் தகப்பனும் வந்து பானைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பாலிலுள்ள புரதத்தின் குணம் பாதி அவள் கொடுத்தது, பாதி அவன் கொடுத்தது. உறைமோரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் செவலைப் பசுவுக்கு இது தலையீற்று. அதன் தாய் கீழத்தெருவிலிருந்து வந்து இரவு முழுக்க அடுப்படியில் நின்றாள். காலையில் பார்த்தால் பானையின் வலப்பாதி கத்தியால் வெட்டலாம்போல் உறைந்திருந்தது. இடப்பாதி பாலாகவே தளும்பியது.

என் மகள் ஜெசிந்தாவுக்கு ஐந்தாம் மாதம். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் துரும்பாகியிருந்தாள்.

"நம்ம வீட்டுத் தயிர்னா நிக்கும்மா" என்றாள்.

உறைந்த பாதியை ஊட்டினேன். அதிலும் பாதிதான் நின்றது.

"செவலையோட தகப்பனுக்குச் சொன்னியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஊசி போட்டுப் பிறந்ததுக்குத் தகப்பன் ஏதுங்க?"

"ஊசிக்குள்ள என்ன, பச்சத்தண்ணியா இருந்துச்சு?"

செபமாலையை உருட்டிக்கொண்டே மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன். சினை ஊசி போடும் மருதமுத்து, "அந்தக் காளை செத்து ரொம்ப வருஷமாச்சுக்கா. கூப்பிட்டா வரும்" என்று காளை விந்தை உறையவைத்திருக்கும் நைட்ரஜன் கேனை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். மூடியைத் திறந்ததும் வெண்புகையோடு காளை இறங்கியது. கொம்பு நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து அடுப்படிக்குள் வந்தது.

"வாங்க சம்பந்தி" என்றார் என் வீட்டுக்காரர்.

செவலையின் தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இருவரும் பார்த்துக்கொள்வது அன்றுதான் முதல் தடவை.

எனக்குக் கண் நிறைந்தது. ஒரு சொட்டுப் பால் சுரக்காத உயிர் அது. தன் தாயிடம் வாங்கியதைச் சிந்தாமல் சுமந்துபோய், முகம் பார்க்காத மகளின் மடியில் சேர்த்திருக்கிறதே! ஆண்டவர் கைவேலையில் ஓர் இழை பிசகுமா? சிலுவை போட்டுக்கொண்டேன்.

காளை பானைக்குள் ஒருமுறை மூச்சுவிட்டது. இடப்பாதியும் உறைந்து வலப்பாதியோடு சேர்ந்தது. நடுவில் கோடுகூடத் தெரியவில்லை.

ஜெசிந்தா ஒரு கிண்ணம் சாப்பிட்டாள். நாங்கள் எல்லோரும், மாடுகளும்தான், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றாள்.

அப்போது வாசலில் குளம்புச் சத்தம். செவலைக்கு இனிமேல் பிறக்கப்போகும் கன்றுகள் தாத்தாவைப் பார்க்க வந்து நின்றன. ஜெசிந்தாவின் வயிற்றிலிருந்த பிள்ளைதான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தது. அவர்களுக்குள் முன்பே பழக்கம் போலிருந்தது.

நான் இன்னொரு பானைக்குப் பால் காய்ச்சினேன்.